வண்ணச் சுவருக்கு மேலே ஒரு வெள்ளை சீலிங்

சுவருக்குப் புதிதாகப் பச்சையோ நீலமோ மாம்பழ மஞ்சளோ அடித்து முடித்த இரண்டாம் நாள் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி, பெரும்பாலும் சுவரைப் பற்றியதாக இருப்பதில்லை. “சீலிங்குக்கு வெள்ளைதானே அடித்தார்கள்? ஏன் மங்கலாகத் தெரிகிறது? ஏன் திட்டுத் திட்டாக இருக்கிறது? சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் கோடு ஏன் நெளிகிறது?” என்றே கேட்கிறார்கள். எல்லாச் சுவரும் வெள்ளையாக இருந்தவரை யார் கண்ணிலும் படாத குறைகள் இவை. பக்கத்தில் ஒரு நிறம் வந்து நின்றதும் பளிச்சென்று தெரிகின்றன.

பதறிப்போய் இன்னொரு கோட்டிங் அடிக்கச் சொல்லிவிடாதீர்கள். மேலே தெரிபவற்றில் சில, குறையே அல்ல. சில, பெயின்டால் தீரும். சில, எத்தனை கோட்டிங் அடித்தாலும் தீராது. உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. பெயின்ட் டப்பாவைத் திறப்பது அதற்குப் பிறகு.

நிறம் மாறியதா, ஒளி மாறியதா?

நல்ல வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அறைக்கு வெளிச்சம் தருவதற்காகத்தான் சீலிங்குக்கு வெள்ளை அடிக்கிறோம். ஆனால் சீலிங்கில் விழும் ஒளி நேராக வானத்திலிருந்து வருவதில்லை. ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் தரையிலும் சுவரிலும் பட்டு, அந்த நிறத்தையும் சேர்த்துக்கொண்டுதான் மேலே போகிறது. சுவர் பச்சை என்றால் சீலிங்கில் பச்சைச் சாயல் விழும். சிவப்பு ஆக்சைடு தரை உள்ள பழைய வீடுகளில் சீலிங் இளஞ்சிவப்பாகத் தெரிவதும் இதனால்தான். இந்தச் சாயல் சுவரை ஒட்டிய ஓரங்களில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஏணியில் ஏறி ஒரு வெள்ளைத் தாளைச் சீலிங்கோடு சேர்த்துப் பிடியுங்கள். தாளும் அதே சாயலில் தெரிந்தால் பூச்சில் குறையில்லை. அது சுவரின் எதிரொளி. தாள் வெள்ளையாகவும் சீலிங் மட்டும் மஞ்சளாகவோ சாம்பலாகவோ தெரிந்தால்தான் பூச்சைச் சந்தேகிக்க வேண்டும்.

இரவில் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் பல்பைப் பாருங்கள். எல்.இ.டி. பல்பின் அட்டைப்பெட்டியில் ‘கெல்வின்’ (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று ஓர் எண் இருக்கும். 2,700 முதல் 3,000 வரை உள்ளவை மஞ்சள் வெளிச்சம் தரும். 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. பல்பை மாற்றினால் தீரும் விஷயத்துக்குப் பெயின்டரைக் கூப்பிட வேண்டியதில்லை.

இனிமேல்தான் பூசப்போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளையிலும் நீலச் சாயல், மஞ்சள் சாயல் என்று வகைகள் உண்டு. சந்தனம், மஞ்சள், செங்கல் நிறச் சுவர்களுக்கு மேலே நீலச் சாயல் வெள்ளை வந்தால், பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு அது சாம்பலாகத் தோன்றும். கடையில் நிற அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறை மூலையில் இரண்டடிக்கு இரண்டடி அளவில் பூசிப் பார்த்து, பகலில் ஒருமுறையும் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறையும் பாருங்கள்.

கறைகள் சொல்லும் காரணம்

எதிரொளி இல்லை, நிஜமாகவே கறைதான் என்றால், அதன் வடிவத்தைக் கவனியுங்கள். காரணம் அதிலேயே இருக்கிறது.

விளிம்பு அடர்ந்து, உள்ளே வெளிறிய பழுப்பு வளையம் தெரிந்தால் மேலிருந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் இருந்தால் பலமுறை இறங்கிக் காய்ந்திருக்கிறது. மேல்தளத்தில் குளியலறை இருந்து, மழையில்லாத மாதத்திலும் கறை வளர்ந்தால் குழாயையும் தரை இணைப்புகளையும் சந்தேகியுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் வளர்ந்தால் மொட்டை மாடியைப் பாருங்கள்.

தொட்டால் மாவாக உதிரும் வெண்பொடி, உப்புப் பூத்தல். சிமென்ட்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்புகளைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. பூச்சு கொப்புளமாக எழும்பியிருந்தாலும் உள்ளே ஓதம் (ஈரக்கசிவு) இருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள்.

குளியலறை, சமையலறை, அலமாரிக்கு மேலான மூலை ஆகிய இடங்களில் கரும்புள்ளிகள் கூட்டமாக வந்தால் அது பூஞ்சை. காற்றோட்டம் இல்லாததும் நீராவி தங்குவதும் காரணம். சமையலறையில் மஞ்சளாக ஒட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு. பூஜை அறையில் கறுத்தால் விளக்குப் புகை, கற்பூரப் புகை. இவை மேலோட்டமானவை.

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாத அறிகுறி ஒன்று உண்டு. நேர்கோட்டில் துரு நிறக் கசிவு, அந்தக் கோட்டிலேயே விரிசல், தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றொலி, காரை பெயர்ந்து கம்பி தெரிவது ஆகியவை கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்ததன் அடையாளங்கள். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. இந்த இடத்தில் பெயின்டருக்கு வேலையே இல்லை. கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். அதுவரை அதற்குக் கீழே கட்டிலோ தொட்டிலோ போடாதீர்கள்.

ஈரம் காய்ந்துவிட்டதா?

“மழை நின்று பத்து நாளாகிவிட்டது, காய்ந்திருக்கும்” என்று கணக்குப் போடுவது தவறு. தளத்துக்குள் புகுந்த ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் தாளை எடுத்து, கறை இருக்கும் இடத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இடைவெளியில்லாமல் அடைத்துவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சீலிங்கைத் தொடும் பக்கம், நீர்த்துளி கோத்திருந்தால் தளத்துக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அது அறைக் காற்றின் ஈரப்பதம்; ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும்.

உள்ளே ஈரம் இருந்தால் பழுதுபார்க்க வேண்டியது மேல்பக்கத்தை. மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாயில் இலைச்சருகு அடைத்திருக்கிறதா, தட்டோடுகளின் இணைப்பில் சாந்து கரைந்திருக்கிறதா, கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் உள்ளதா, தண்ணீர்த் தொட்டி கசிகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். தண்ணீர் இறங்கும் இடமும் கீழே கறை தெரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தளத்துக்குள் சரிவைத் தேடிப் பல அடி நகர்ந்தும் சொட்டும்.

புதிதாகக் கட்டிய வீட்டிலும் இதே பொறுமை வேண்டும். பூச்சுவேலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, குறைந்தது 28 நாளாவது காயவிட்டே பெயின்ட் வேலையைத் தொடங்க வேண்டும். புதிய சிமென்ட் பூச்சின் காரத்தன்மை மிக அதிகம். அவசரப்பட்டால் அதுவே பெயின்டை அரித்து வெளுக்கச் செய்யும்.

அடியில் இருப்பது என்ன?

கறையும் இல்லை, ஈரமும் இல்லை. ஆனாலும் போன வருடம் அடித்த வெள்ளை, பொருக்குப் பொருக்காக உரிகிறது. அப்படியானால் அடியில் இருப்பது பழைய சுண்ணாம்பாக இருக்கலாம். வருடாவருடம் பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடுகளில் சீலிங்கில் சுண்ணாம்பு பல அடுக்காக ஏறியிருக்கும். மேல் அடுக்கு, கீழ் அடுக்கை லேசாகத்தான் பிடித்திருக்கும். அதன்மேல் எமல்ஷன் (தண்ணீரில் கலந்து பூசும் பிளாஸ்டிக் பெயின்ட்) அடித்தால் அது காயும்போது இறுகி, சுண்ணாம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உரியும். எமல்ஷன் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் நிற்காது.

விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ (சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மலிவுப் பூச்சு) இருக்கிறது. ஒரு துண்டு செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தும் பார்க்கலாம். பூச்சுத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தால், அதன்மேல் எதையும் பூசக் கூடாது. லேசாகத் தண்ணீர் தெளித்து, பட்டித் தகட்டால் உறுதியான பரப்பு தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். தண்ணீர் தெளிப்பது தூசியை அடக்கத்தான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, மர உத்தரங்களிலோ பழைய சீலிங்கிலோ எண்ணெய்ப் பெயின்ட் இருந்தால் உலர்வாகச் சுரண்டாதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. இரண்டாவது, மரச்சட்டங்களுக்கு மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் எமல்ஷனே வேண்டாம். அந்தத் தளம் ஈரத்தை வெளியே விட்டுத்தான் உயிரோடு இருக்கிறது. அதற்குச் சுண்ணாம்புதான் சரியான வெள்ளை.

வேலையின் வரிசை

எப்போதும் சீலிங் முதலில், சுவர் பிறகு. ரோலரிலிருந்து துளி தெறிக்காமல் சீலிங் அடிக்க முடியாது. சுவர் ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்து சீலிங் மட்டும் அடிப்பதென்றால், சுவரை மேலிருந்து தரைவரை பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

முதலில் தூசியும் ஒட்டடையும். பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். உப்பு பூத்த இடத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. கரைந்து மீண்டும் உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால்தான் தட்ட வேண்டும். பூஞ்சைக்கு பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 16 பங்கு கலந்து துடைத்தால் போதும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அதோடு கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைத் தாக்கும்.

அடுத்து விரிசல். முடியிழை போன்ற மெல்லிய விரிசலுக்குப் பட்டி போதும். சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் ஓடும் விரிசலுக்குப் பட்டி நிற்காது. மேல்மாடித் தளம் பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவதால் அது திரும்பத் திரும்பத் திறக்கும். அங்கே அக்ரிலிக் சீலன்ட் (இழுபடும் தன்மையுள்ள அடைப்புப் பசை) வையுங்கள். சிலிக்கான் வைக்காதீர்கள், அதன்மேல் பெயின்ட் ஒட்டாது.

பிறகு பிரைமர் (அடிப்பூச்சு). காய்ந்துபோன பழுப்பு வளையங்களை எமல்ஷன் மறைக்காது. அதிலுள்ள தண்ணீரிலேயே கறை கரைந்து மேலே எழும். அந்த இடங்களுக்கு மட்டும் எண்ணெய் அடிப்படையிலான பிரைமர் ஒரு கை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மேலே போகலாம்.

பட்டி பார்ப்பதில் சீலிங்குக்குத் தனி ஒழுங்கு உண்டு. வெள்ளை சிமென்ட் பட்டி மொத்தமாகவே ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகக் கூடாது. பள்ளத்தை எல்லாம் பட்டியாலேயே நிரப்பினால், ஒருநாள் தட்டுத் தட்டாகக் கழன்று விழும். பெரிய பள்ளத்துக்குச் சிமென்ட் பூச்சுதான் முறை. பட்டி காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, இரவில் ஒரு டார்ச்சைச் சீலிங்கோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். சரி செய்வதற்கு அதுவே கடைசி வாய்ப்பு. பட்டிக்கு மேலும் ஒரு கை பிரைமர் அடித்த பிறகே எமல்ஷன்.

சீலிங்குக்குப் பளபளப்பு வேண்டாம். மேட் (பளபளப்பில்லாத) வகையே சரி. ஜன்னலிலிருந்து சாய்வாக வரும் வெளிச்சம், பளபளப்பான பரப்பில் ஒவ்வொரு மேட்டையும் காட்டிக்கொடுக்கும். தேவையான அளவைக் கணக்கிட, டப்பாவில் ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று இருந்தால், பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 2 லிட்டர். இரண்டு டப்பா வாங்கினால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். வெள்ளையிலும் டப்பாவுக்கு டப்பா நூலளவு வித்தியாசம் வரும்.

ஓரங்களைப் பிரஷ்ஷால் வெட்டிவிட்டு, அது காய்வதற்குள் ரோலரைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முதல் கோட்டிங்கை எந்தத் திசையில் உருட்டினாலும், கடைசிக் கோட்டிங்கை ஜன்னல் வெளிச்சம் வரும் திசையிலேயே உருட்டுங்கள். ஒருமுறை தொடங்கினால் சுவரிலிருந்து சுவர்வரை முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும். பாதியில் நிறுத்திய இடம் காய்ந்த பிறகு பட்டையாகத் தெரியும். ‘திட்டுத் திட்டாக இருக்கிறது’ என்ற புகாரில் பெரும்பகுதி இந்த இடைவேளையால் வருவது. காய வைக்கிறேன் என்று மின்விசிறியை முழு வேகத்தில் விடுவதும் இதே கோளாறைத்தான் தரும்.

நெளியும் கோடு

நம் வீடுகளில் சுவரும் சீலிங்கும் சேரும் மூலை, நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பது அரிது. கொத்தனாரின் பூச்சு அங்கங்கே ஏறி இறங்கியிருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தால் தெரியாது. ஒரு பக்கம் நிறம் வந்தால் நெளிவு முழுவதும் கோடாகிவிடும்.

நெளிவு அரை அங்குலத்துக்குள் என்றால், மூலையையே பின்பற்றி வெட்டுங்கள். அதற்கு மேல் என்றால், வெள்ளையைச் சுவரில் இரண்டு மூன்று அங்குலம் இறக்கி, ரசமட்டம் வைத்து நூலடித்துக் கோடு போட்டு, அதற்குக் கீழே நிறத்தைத் தொடங்குங்கள். கண் அந்த நேர்கோட்டைத்தான் பார்க்கும். மேலே நெளியும் மூலை வெள்ளைக்குள் மறைந்துவிடும்.

மாஸ்கிங் டேப் (கறைபடாமல் மறைக்க ஒட்டும் காகித டேப்) ஒட்டினாலும் நிறம் அடியில் கசிகிறது என்பார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. வெள்ளை நன்றாகக் காய ஒருநாள் விட்டு, டேப்பை வெள்ளைப் பக்கம் ஒட்டுங்கள். அதன் விளிம்பில் முதலில் அதே வெள்ளையை மெல்லிதாக ஓட்டுங்கள். கசிவதானால் வெள்ளைதான் வெள்ளையில் கசிந்து, இடுக்கை அடைத்துக்கொள்ளும். அது காய்ந்த பிறகு சுவர் நிறத்தை அடியுங்கள். நிறம் முழுதும் காய்வதற்கு முன்பே டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். முழுதும் காய்ந்தபின் இழுத்தால் பெயின்டும் சேர்ந்து பிய்யும்.

வேண்டாத குறுக்குவழிகள்

எமல்ஷனில் சொட்டு நீலம் கலந்தால் வெண்மை கூடும் என்பது சுண்ணாம்புக் காலத்துப் பழக்கம். சுண்ணாம்பின் மஞ்சளை அது மறைத்தது. இன்றைய எமல்ஷனில் வெண்மை தரும் நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. அதில் நீலம் கலந்தால் சாம்பல்தான் மிஞ்சும். நிறையத் தண்ணீர் ஊற்றி இரண்டு கோட்டிங்கை மூன்றாக்குவதும் லாபமல்ல; டப்பாவில் சொன்ன அளவைத் தாண்டினால் மறைக்கும் திறனும் பிடிப்பும் போய்விடும். ஓதக் கறையின் மேல் வெள்ளை சிமென்ட் தடவுவது, உப்பு பூத்த இடத்தில் ஆசிட் தடவுவது, கசியும் இடத்தைக் கீழிருந்து ‘வாட்டர்புரூஃப்’ பெயின்டால் அடைப்பது ஆகிய மூன்றும் தண்ணீரை நிறுத்துவதில்லை. வேறு இடத்தில் போய் வெளிவரச் செய்யும், அவ்வளவுதான்.

மேஜைமேல் நாற்காலி போட்டு ஏறுவதும் குறுக்குவழியே. கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டே வேலை செய்யும்போது தலை சுற்றுவது இயல்பு. நிலையான இரட்டை ஏணி வேண்டும், கீழே ஓர் ஆள் வேண்டும். மின்விசிறிக் கிண்ணத்துக்கு அருகே பிரஷ் போகும் முன் சுவிட்சை மட்டுமல்ல, மெயின் பெட்டியில் அந்த இணைப்பையும் அணைத்துவிடுங்கள். முடிந்தால் நீங்களே ரோலரோடு நீளக் கம்பைச் செருகித் தரையில் நின்று உருட்டலாம். ஓரங்களை மட்டும் பெயின்டரிடம் விட்டுவிடலாம்.

வேலை முடிந்ததும் மிச்சமான வெள்ளையை இறுக மூடி, எந்த அறை, எந்தத் தேதி என்று மூடியில் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் காலை, விளக்கைப் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் சீலிங்கை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். புதிதாக ஒரு பழுப்பு வளையம் தெரிந்தால், அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். முதலில் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்.